கரிசல் மண்ணில் முன்வாசலும் புறவாசலும்: எங்கே எந்தத் தளம்?

கேள்வி: ஐயா, கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் வீடு கட்டியிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது, தளம் மட்டும் பாக்கி. முன்வாசல் 20-க்கு 30 அடி. கார் ஒன்று, பைக் இரண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் டிராக்டர் உள்ளே வந்து சம்ப்பை நிரப்பிவிட்டுப் போகும். புறவாசலில் துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம். அதைத் தாண்டி ஆட்டுக் கொட்டகை. காண்ட்ராக்டர், "எல்லா இடத்துக்கும் ஒரே பார்க்கிங் டைல்ஸ் போட்டுவிடலாம், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும்" என்கிறார். என் தம்பி பேவர் பிளாக் போடச் சொல்கிறான். அத்தைக்கு வாசலில் கோலம் போட இடம் வேண்டும். மாமாவுக்கு 74 வயது, பழைய வீட்டில் மழை நாளில் படியில் வழுக்கி விழுந்தவர். பக்கத்து வீட்டில் போன வருடம் போட்ட சிமெண்ட் தளம் இப்போதே வெடித்துக் கிடக்கிறது. எல்லாவற்றையும் உயர்ந்த ரகத்தில் போட எங்களிடம் பணம் இல்லை. எங்கே செலவழிக்கலாம், எங்கே குறைக்கலாம்?
— ஒரு வாசகி

பதில்: சகோதரிக்கு வணக்கம். டைல்ஸா, பேவரா என்று பேசுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுத் தளம் ஏன் வெடித்தது என்று பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வரிதான்.

உங்கள் ஊர் மண் கரிசல். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து ஊதும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாதுதான் காரணம். பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண் அது. ஆனால் அதன்மேல் நேராகப் போடும் எந்தத் தளமும் வருடத்துக்கு ஒருமுறை மேலே தூக்கப்பட்டு, பிறகு கீழே இறங்கும். சுவர்களுக்கு உங்கள் காண்ட்ராக்டர் ஆழமாக அஸ்திவாரம் எடுத்து, பீம் போட்டிருப்பார். முன்வாசலுக்கு யாரும் அஸ்திவாரம் எடுப்பதில்லை. அதனால் வீடு நிற்கிறது, வாசல் வெடிக்கிறது. பக்கத்து வீட்டில் சிமெண்டைக் கூட்டிப் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

ஆகவே உங்கள் பணத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியும் மேல்தளத்துக்கு, இன்னொன்று அதன் கீழே மறைந்துபோகும் வேலைக்கு. குறைக்க வேண்டி வந்தால் மேலே இருப்பதில் குறையுங்கள், கீழே இருப்பதில் கை வைக்காதீர்கள். சுமாரான பேவர் கல்லை நல்ல படுகையில் பதித்தால் பல வருடம் நிற்கும். விலை உயர்ந்த கிரானைட்டைக் கரிசல்மேல் பதித்தால் இரண்டு மழைக்குள் ஆட ஆரம்பிக்கும்.

கீழே என்ன செய்ய வேண்டும்? முன்வாசலில் இருக்கும் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, குறைந்தது ஒன்றரை அடி கனத்துக்குச் செம்மண் கிராவல் நிரப்ப வேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டி நிரவக் கூடாது. அரை அடி, அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்க வேண்டும். உங்கள் 600 சதுர அடிக்கு ஒன்றரை அடி கனம் என்றால் 900 கன அடி, அதாவது 9 யூனிட். இறுக்கும்போது மண் அமுங்கும் என்பதால் 11 யூனிட்டாவது இறக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் வாசல் ரோட்டைவிட அரை அடியாவது உயரமாக நிற்க வேண்டும். அதற்கேற்ப எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று முதலிலேயே மட்டம் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். கரிசலை எடுத்துவிட்டு அந்தக் குழியில் மணலையோ எம்-சாண்டையோ கொட்டுகிறார்கள். மணல் தண்ணீரைத் தடுக்காது, உள்ளே விட்டுவிடும். கீழே இருக்கும் கரிசல் தண்ணீரைக் கீழே விடாது. குழி முழுக்கத் தண்ணீர் நின்று, அடியில் இருக்கும் களிமண்ணுக்கு நாள்கணக்கில் ஊட்டிக்கொண்டே இருக்கும். கிராவலில் கொஞ்சம் களி கலந்திருப்பதால் இறுகினால் தண்ணீரை அவ்வளவாக உள்ளே விடாது, ஆனால் அது ஊதும் களியும் அல்ல. அதனால்தான் கிராவல் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.

இதையெல்லாம் செய்தாலும் மண்ணின் அசைவு முழுக்க நின்றுவிடாது, நன்றாகக் குறையும், அவ்வளவுதான். கரிசல் அதற்கும் கீழே பல அடி ஆழத்துக்கு இருக்கிறது. மிச்சமிருக்கும் அசைவைத் தாங்கிக்கொள்ளும் மேல்தளம் வேண்டும். இங்கேதான் உங்கள் தம்பி சொல்வது சரியாகிறது. டைல்ஸும் கான்கிரீட்டும் ஒரே பலகையாக நிற்பவை, அடியில் அசைந்தால் வெடிக்கத்தான் செய்யும். பேவர் பிளாக் தனித்தனிக் கல். ஒரு மூலை அரை அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் கல்லோடு கல் சேர்ந்து வளைந்துகொடுக்கும். ரொம்பவும் இறங்கிவிட்டால் அந்த இடத்துக் கல்லை மட்டும் பெயர்த்து, படுகையைச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்ப வைக்கலாம். டைல்ஸில் இது நடக்காது. உடைத்து எடுத்தால் புதிதாக வாங்க வேண்டும், இரண்டு வருடம் கழித்து அதே நிறம் கடையில் கிடைக்காது.

சரி, முன்வாசலுக்கு பேவர். என்ன கனம்? பேவர் கல்லுக்கு ஐ.எஸ். 15658 என்று ஒரு தரக் குறியீடு இருக்கிறது. அதன்படி ஆள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 50 மி.மீ., கார், பைக் போன்ற லேசான போக்குவரத்துக்கு 60 மி.மீ., அதற்கு அடுத்த நடுத்தரப் பாரத்துக்கு 80 மி.மீ. காரை மட்டும் நினைத்தால் 60 போதும். ஆனால் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் டிராக்டர் வருகிறது. நிறைந்த டேங்கர் பல டன் எடை. அது வந்து நின்று, பின்னால் எடுத்து, சக்கரத்தைத் திருப்பும் இடத்தில் 60 மி.மீ. கல் தாங்குவது சந்தேகம். வாசல் முழுக்க 80 மி.மீ., எம் 40 தரத்தில் (கான்கிரீட்டின் வலிமையைச் சொல்லும் எண் அது) போட்டுவிடுங்கள். பாதிக்கு 60, பாதிக்கு 80 என்று கலந்தால் படுகை மட்டம் இரண்டு விதமாகி, வேலைக்காரர்களுக்குக் குழப்பம் வரும். இன்னொரு வழியும் உண்டு. சம்ப் மூடியைக் கேட் பக்கத்தில் கொண்டுவர முடியுமானால், அல்லது கேட்டிலிருந்து சம்ப்புக்கு ஒரு குழாய் பதித்துவிட்டால், டிராக்டர் தெருவிலேயே நின்று தண்ணீர் விட்டுப் போய்விடும். அந்தக் குழாய்க்கு ஆகும் செலவு, 600 சதுர அடிக்குக் கல்லின் கனத்தைக் கூட்டும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தோண்டுவதற்கு முன் இதை யோசித்துவிடுங்கள். இது முடிந்தால் 60 மி.மீ. தாராளம்.

கல்லை எங்கே வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். ரப்பர் மோல்டில் ஊற்றி எடுத்த பளபளப்பான கல் ஒன்று விற்பார்கள், மெஷினில் அதிர்வு கொடுத்து அழுத்திச் செய்த சொரசொரப்பான கல் ஒன்று விற்பார்கள். முதலாவது பார்க்க அழகு. ஆனால் மழையில் வழுக்கும், மேலே இருக்கும் பளபளப்பு டயர் பட்டுப் பட்டு இரண்டு வருடத்தில் போய்விடும். மாமாவை நினைத்து மெஷின் கல்லையே வாங்குங்கள். வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை: நன்றாக வெயிலில் காய்ந்த ஒரு கல்லை எடை போடுங்கள். ஒரு முழு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்துவிட்டு, மறுபடி எடை போடுங்கள். தரக் குறியீடு அனுமதிப்பது சராசரி 6 சதவீதம். 4 கிலோ கல் என்றால் 240 கிராமுக்கு மேல் கூடக் கூடாது. லேபில் செய்யும் துல்லியம் இதில் வராது, ஆனாலும் மட்டமான கல் இதிலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் வேண்டாம்.

வடிவத்தில் ஜிக்ஜாக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது செவ்வகக் கல்லை மீன்முள் வாக்கில் மாற்றி மாற்றிப் பதிக்கச் சொல்லுங்கள். வண்டி பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் கல்லைப் பக்கவாட்டில் தள்ளும், இந்த இரண்டும் அந்தத் தள்ளலைத் தாங்கும். சதுரக் கல்லை வரிசையாக அடுக்கினால் வரிசையோடு நகரும். சுற்றிலும் நாலு பக்கமும் கான்கிரீட்டில் ஊன்றிய கெர்ப் கல், அதாவது ஓரத் தடுப்புக் கல், கட்டாயம். ஓரம் பிடிமானம் இல்லாத பேவர் தளம் ஓரத்திலிருந்துதான் பிரியும்.

கிராவலுக்கு மேல் 6 அங்குலம் வெட்மிக்ஸ் (ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் விட்டுக் கலந்தது) போட்டு இறுக்க வேண்டும். அதன்மேல் ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை கரட்டு எம்-சாண்ட் படுகை. அதற்கு மேல் கனம் கூடாது. கீழ் மட்டம் சரியில்லாததை மறைக்க மூன்று அங்குலம், நாலு அங்குலம் மணலைக் கொட்டிக் கல்லை வைத்துவிட்டுப் போவார்கள், ஆறு மாதத்தில் டயர் ஓடும் இடம் இரண்டு வாய்க்காலாக இறங்கிவிடும். மட்டமும், தண்ணீர் ஓடுவதற்கான சரிவான வாட்டமும் வெட்மிக்ஸிலேயே வந்துவிட வேண்டும். கல் வைத்தபின் சன்னமான மணலைத் தூவி இடைவெளிகளில் பெருக்கி நிரப்பி, பிளேட் காம்பாக்டர் என்ற அதிரும் தட்டு மெஷினை விட்டு, மறுபடி மணல் பெருக்க வேண்டும். முதல் மழைக்குப் பிறகு மணல் கொஞ்சம் இறங்கும், அப்போதும் ஒருமுறை நிரப்பிவிடுங்கள். கல்லைப் பிடித்து வைத்திருப்பது அந்த இடைவெளி மணல்தான்.

வாட்டம் வீட்டிலிருந்து ரோட்டுப் பக்கம், 10 அடிக்கு 2 அங்குலம். 30 அடிக்கு 6 அங்குலம் வரும், கண்ணுக்கு உறுத்தாது. கரிசலில் வாட்டம்தான் உயிர். எந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறதோ அந்த இடத்து மண்தான் ஊதும்.

அதே காரணத்துக்காக, வீட்டைச் சுற்றிச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்குப் பேவர் வேண்டாம், கான்கிரீட் போடுங்கள். பேவரின் இடைவெளி வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும், அது அஸ்திவாரத்தை ஒட்டி இறங்கக் கூடாது. இந்த 3 அடியில் ஒன்றேகால் அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் இருக்கட்டும். சுவரோடு சேர்த்துப் பூசி ஒட்ட வைக்காதீர்கள். நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டு, இழுபடும் தன்மையுள்ள சீலன்ட் அல்லது தார் நிரப்பச் சொல்லுங்கள். தளம் அசையும்போது சுவர் அப்படியே இருக்கும், ஒட்டியிருந்தால் அங்கேதான் முதல் வெடிப்பு வரும். இந்தக் கான்கிரீட்டையும் நாலு அடிக்கு ஒரு துண்டாகப் பிரித்துப் போடுங்கள். வெடிப்பு வந்தே தீரும் என்றால் அது நாம் சொன்ன இடத்தில் வரட்டும்.

அத்தையின் கோலம். கோலப்பொடி நிற்க மேற்பரப்பில் மெல்லிய சொரசொரப்பு வேண்டும். மினுமினுக்கும் டைல்ஸில் விரலிலிருந்து விழும் பொடி ஓரிடத்தில் பிடிக்காது, காற்றில் ஓடிவிடும். பேவரில் பொடி பிடிக்கும், ஆனால் கல் இடைவெளிகள் கோட்டை வெட்டிவிடும். அதனால் படிக்கட்டுக்கு முன்னால் 6-க்கு 6 அடியில் ஒரு சதுரத்தை மட்டும், நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் பலகையில் தனியாக அமையுங்கள். கடையில் ஃப்ளேம்டு ஃபினிஷ் என்று கேட்டால் தருவார்கள். கல் 20 மி.மீ. கனம் இருக்கட்டும், அதைவிட மெலிசானதை நெருப்பில் வாட்டினால் கல்லே பலவீனமாகிவிடும். கறுப்பு வேண்டாம், வெயிலில் கால் வைக்க முடியாது. சாம்பல் நிறத்தில் எடுத்தால் வெள்ளைக் கோலமும் எடுப்பாகத் தெரியும். 36 சதுர அடிதான், செலவு பெரிதாக வராது. அந்தச் சதுரத்துக்கு அடியில் மட்டும் 4 அங்குலக் கான்கிரீட் போட்டு, அதைச் சுற்றியிருக்கும் பேவரோடு சேர்க்காமல் தனியாக நிற்கவிடுங்கள்.

படிகளுக்கும் இதே கல்தான். தாராளமாகச் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்லும் இடம் படிக்கட்டு. பளபளப்பான கிரானைட்டில் விளிம்போரம் மூன்று கோடு கிழித்துவிட்டு, இனி வழுக்காது என்பார்கள். கால் விளிம்பில் சரியாகப் பட்டால்தான் அந்தக் கோடு உதவும், நடுப்படியில் பட்டால் வழுக்கும். படியின் மேல்பகுதி முழுக்க ஃப்ளேம்டாக இருக்கட்டும். லெதர் ஃபினிஷ் தொட்டால் நன்றாக இருக்கும், ஈரத்தில் ஃப்ளேம்டு அளவுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு படியும் 6 அங்குல உயரம், 12 அங்குல அகலம், எல்லாப் படியும் ஒரே அளவு. கடைசிப் படி மட்டும் அரை அங்குலம் குறைந்துபோவது நம் கட்டடங்களில் சாதாரணமாக நடக்கிறது. பெரியவர்கள் தடுக்கி விழுவது அந்தப் படியில்தான். ஏற்கெனவே கட்டிய படியின் உயரத்தை அளந்து பாருங்கள், கல்லின் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் எந்தப் படி மாறும் என்று தெரியும். படி விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை வைத்தால் மாமாவுக்கு மங்கலான வெளிச்சத்திலும் படி முடியும் இடம் தெரியும். கைப்பிடி கேட்காமலேயே போட்டுவிடுங்கள். மழை நாளில் எந்தக் கல்லைவிடவும் அது அவரைக் காப்பாற்றும்.

கார் நிற்கும் போர்டிகோ கூரைக்குக் கீழே, வீட்டு பீம்களுக்கு நடுவே இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே மழைத் தண்ணீர் குறைவு, மண் அசைவும் குறைவு. உங்கள் காண்ட்ராக்டர் சொல்லும் பார்க்கிங் டைல்ஸை அங்கே போடலாம். ஆனால் எப்படி ஒட்டுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பார்க்கிங்குக்கான விட்ரிஃபைட் டைல்ஸ் 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமாக வரும், தண்ணீரை அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சாத டைல்ஸில் சிமெண்ட் பால் சரியாகப் பிடிக்காது. டைல் அடிசிவ் என்ற ஒட்டுக்கலவையைத்தான் பயன்படுத்த வேண்டும், அதையும் பல்லுக் கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுக்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைக் கலவையை வைத்து அழுத்திவிட்டுப் போனால், உள்ளே காலியாக இருக்கும். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். அந்த இடத்தில் டயர் ஏறினால் டைல்ஸ் உடையும். டைல்ஸுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டினால் கோடையில் விரிந்து, ஒன்றையொன்று முட்டி, கூரை போல எழும்பிவிடும். போட்ட மறுவாரம் ஒரு மரத்துண்டால் எல்லா டைல்ஸையும் தட்டிப் பார்த்து, பொள்ளல் உள்ளவற்றைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, மாற்றிய பிறகே பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுங்கள்.

இனி புறவாசல். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும், அதனால் ஹால் தளம் நாம் நினைக்கிற அளவுக்குத் தேயாது. நிஜமாக அடிவாங்கும் இடம் அடுக்களையிலிருந்து புறவாசலுக்குப் போகும் கதவும், அதற்கு வெளியே இருக்கும் பத்தடியும்தான். ஒரு நாளில் எத்தனை முறை ஈரக்காலோடும் மண்காலோடும் அந்தக் கதவைத் தாண்டுகிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். குடம் விழுவதும் பாத்திரம் சாய்வதும் சோப்புத் தண்ணீர் ஓடுவதும் அங்கேதான். ஆனால் முன்வாசலுக்குப் பணத்தைச் செலவழித்துவிட்டு, மிச்சமான டைல்ஸை அங்கே ஒட்டிவிடுவதைத்தான் எங்கும் பார்க்கிறேன். வீட்டுப் பெண்கள் நாள் முழுக்க நிற்கும் இடத்துக்கு மிச்சம் மீதி போதும் என்ற முடிவு எனக்குச் சம்மதம் இல்லை. உங்கள் வீட்டில் அப்படி ஆகவிடாதீர்கள்.

துவைக்கும் இடத்துக்குக் கடப்பாக் கல் மலிவாக வரும், வேண்டாம். அது சுண்ணாம்புக் கல் வகை. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் ஏடு ஏடாக உரியும், தேய்ந்து மழமழப்பானால் சோப்புத் தண்ணீரில் மோசமாக வழுக்கும். அலமாரித் தட்டுக்கும் மேடைக்கும் அது நல்ல கல், வெளியே வேண்டாம். கோட்டா கல்லும் சுண்ணாம்புக் கல்தான், கடப்பாவைவிடக் கொஞ்சம் தாங்கும். இரண்டுமே ஆசிட் பட்டால் அரித்துவிடும். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். கல்லோடு சேர்ந்து டைல்ஸ் இடைவெளியில் இருக்கும் சிமெண்டையும் ஆசிட் தின்றுவிடும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, மறுபடி நம் கரிசல் கதைதான்.

முன்வாசல் சதுரத்துக்கு வாங்கும் அதே ஃப்ளேம்டு கிரானைட்டையே இங்கேயும் போடுங்கள், இடைவெளிகளில் எபாக்ஸி கிரவுட் (சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன நிரப்புக் கலவை) நிரப்புங்கள். எபாக்ஸிக்கு விலை அதிகம்தான், ஆனால் சிறிய இடம். கிரானைட் ஆசிட்டில் அரிக்காது. அதற்காக ஆசிட் ஊற்றத் தேவையும் இல்லை, உப்புப் படியும்போதே விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவினால் போதும். வாட்டம் இங்கே முன்வாசல் பேவரைவிடக் கொஞ்சம் கூடுதலாக, 5 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். கழிவுத் தண்ணீரை மூடிய குழாயில் வீட்டிலிருந்து 15 அடியாவது தள்ளிக்கொண்டுபோய் விடுங்கள். தென்னைக்கோ வாழைக்கோ பாயட்டும், ஆனால் அந்த மரமும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. சுவரோரம் தினமும் ஈரமாக இருப்பதுதான் கரிசல் வீட்டுக்கு மிகக் கெட்டது.

கிரானைட்டுக்குப் பணம் எட்டவில்லை என்றால் சொரசொரப்பான ஆன்டி ஸ்கிட் டைல்ஸ் எடுக்கலாம். அதில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை வழுக்கல் எண் இருக்கும், எண் கூடக் கூடப் பிடிமானம் அதிகம். ஈரமான இடத்துக்கு ஆர் 11 கேளுங்கள். அந்த எண்ணை அளப்பது எண்ணெய் தடவிய சரிவில் பூட்ஸ் போட்டு நடக்கவிட்டு. நாம் வெறுங்காலில் சோப்புத் தண்ணீரில் நிற்கிறவர்கள். அதனால் கடையிலிருந்து ஒரு டைல்ஸை வாங்கிவந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, நீங்களே கைப்பிடித்துக்கொண்டு வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட உங்கள் பாதம் சரியாகச் சொல்லும்.

அங்கிருந்து ஆட்டுக் கொட்டகை வரை 3 அடி அகலத்தில் ஒரு நடைபாதை மட்டும் போதும். 50 மி.மீ. பேவரோ, கட்டம் போட்ட சிமெண்ட் டைல்ஸோ போடலாம், இரண்டும் மலிவு. மீதி இடத்தை மூடாதீர்கள். புறவாசல் முழுக்கத் தளம் போட்டால் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே அனல் அடிக்கும். மண்ணாகவே விட்டு, நடக்கும் இடத்தில் மட்டும் கிராவல் பரப்பினால் மழையில் கரிசல் காலில் அப்பாது. நீங்கள் பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடிய பெரிய இடம் இதுதான். ஒன்று சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டில் 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் கரிசலில் உறிஞ்சுகுழி சரியாக உறிஞ்சாது, சுவருக்குப் பக்கத்தில் வெட்டினால் ஆபத்தும் கூட. மொட்டை மாடித் தண்ணீரை வடிகட்டி சம்ப்புக்கே கொண்டுபோங்கள். டிராக்டர் வரவும் குறையும்.

ஹாலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தளத்தைக் கீறுவது கால் இல்லை, மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், மார்பிளைவிட எவ்வளவோ கடினம். பளபளப்பான டைல்ஸின் மேல்பூச்சையும் அது மெல்ல மெல்லக் கீறும். மேலே படம் அச்சிட்டு கிளேஸ் பூசிய மினுமினுப்பு ரகத்தைவிட, டபுள் சார்ஜ் விட்ரிஃபைட்டில் மேட் ஃபினிஷ் கிடைத்தால் அதை எடுங்கள். அதில் நிறமும் வடிவமும் 3 மி.மீ. ஆழம் வரை இருப்பதால் தேய்ந்தாலும் தெரியாது. வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, பெட்டியில் இருக்கும் பேட்ச் எண் தெரியும்படி பரணில் போட்டுவையுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் மேல் ஆசை இருந்தால் ஹாலுக்குப் போடலாம், காலுக்குக் குளிர்ச்சியாக நன்றாக இருக்கும். அது சுடாத சிமெண்ட் டைல்ஸ் என்பதால் புறவாசல் கதவுப் பக்கமும் வெளியிலும் வேண்டாம்.

கான்கிரீட் போடும் நாளில் நீங்களோ வீட்டுக்காரரோ கட்டாயம் அங்கே இருங்கள். மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும். கலவை ஓட வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக் கூட்டி ஊற்ற விடாதீர்கள். மேலே தண்ணீர் கசிந்து நிற்கும்போது காய்ந்த சிமெண்டைத் தூவி மழமழவென்று தேய்க்கும் பழக்கம் கொத்தனார்களிடம் உண்டு, அதையும் விடாதீர்கள். அன்றைக்கு அழகாகத் தெரியும், பிறகு அந்தத் தோல் உரிந்து தூசியாகப் பறக்கும். மட்டம் அடித்து, கொஞ்சம் இறுகியதும் விளக்குமாற்றால் குறுக்கே ஒருமுறை இழுத்தால் போதும், அந்தக் கோடுகளே பிடிமானம். மூன்றாவது, தண்ணீர் கட்டுவது. இப்போது பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. சிமெண்ட், அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்தது, மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். உங்கள் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். காலையும் மாலையும் ஹோஸால் தெளிப்பது போதாது, மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். காரை 28 நாள் கழித்து ஏற்றுங்கள்.

வேலையை எப்போது ஆரம்பிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும். மண் சேறாக இருக்கும்போது ரோலர் இறுக்காது. கோடையில் வெடித்துக் காய்ந்து கிடக்கும்போது மூடினால் அடுத்த மழைக்கு ஒரேயடியாக ஊதும். தை மாதம், மண் கையில் பிடித்தால் உருண்டையாகி, ஆனால் விரலில் ஒட்டாமல் இருக்கும் பதத்தில் தோண்ட ஆரம்பியுங்கள். அதுவரை வாசலில் ஒரு லோடு கிராவலைப் பரப்பி வண்டி ஓட்டுங்கள். கிராவலும் அமுங்கும், மழையில் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த மூலைகளைக் குறித்துவைத்து காண்ட்ராக்டரிடம் காட்டுங்கள்.